ஹைப்போவா, ஹைப்பரா? சித்தியின் மாத்திரை நின்றுபோன நாலு மாதம்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பெரம்பூரில் இருக்கும் சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினோம் என்பது மறந்துவிட்டது. குரல் மட்டும் மறக்கவில்லை. சித்திக்குக் கணீரென்ற குரல். மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் காய்கறி வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அன்று கேட்டது தடித்துப்போன குரல். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வருவது போல இருந்தது.

"சளி பிடிச்சிருக்கா சித்தி?"

"இல்லடி. ஒரே அசதி. மழை ஆரம்பிச்சதிலேர்ந்தே இப்படித்தான் இருக்கு."

"கோலம் போட்டீங்களா?"

"குனிய முடியல. தண்ணி தெளிச்சதோட சரி."

மார்கழியில் சித்தி கோலம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. முகம் உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை போலத் தொங்கியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்வெட்டர் மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் அடுத்த கேள்வியை ஆரம்பித்துவிடும் அளவுக்கு மந்தம். மலச்சிக்கல், முடி கொட்டல், நாலு மாதத்தில் ஏழு கிலோ எடை ஏற்றம். வீட்டில் எல்லோரும் மழை, குளிர், வயசு, கண் ஆபரேஷன் அலுப்பு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் நம்பக்கூடியதாகவே இருந்தது.

"தைராய்டு மாத்திரை ஒழுங்கா போடறீங்கதானே?" என்று கேட்டேன்.

"அத நிறுத்தச் சொல்லிட்டாங்களே. எனக்கு ஹைப்பராம்."

இதை ஒரு நிகழ்வு ஆய்வாக எழுதி வைப்பதற்கு இரண்டு காரணங்கள். சித்திக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, ஹைப்போ (சுரப்பு குறைவு), ஹைப்பர் (சுரப்பு மிகுதி) என்ற இந்த இரண்டு சொற்களோடும் எனக்கு வெகுகாலப் பழக்கம் உண்டு. அண்ணா நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பல வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டு, காலால் பெடலை மிதித்து ஓட்டியும் நிறுத்தியும் தட்டச்சு செய்வது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த எச்சரிக்கை, ஹைப்போவையும் ஹைப்பரையும் மாற்றிப் போடாதே என்பதுதான். அந்த வேலை பார்த்தவளின் சொந்தச் சித்திக்கே இது நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எந்த மருத்துவமனையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. இதில் வருகிற யாரும் அசட்டையாக இருந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் காதில் விழுந்ததை வைத்துச் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

நடந்தது

சித்திக்கு வயது 61. எட்டு வருடங்களுக்கு முன்பு பெரம்பூரில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, தைராய்டு சுரப்பு குறைவு என்று கண்டுபிடித்தார். லெவோதைராக்சின் மாத்திரை, 75 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். சித்தி அதில் ஒரு நாள் தவறியதில்லை. அந்த டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடிய பிறகும் காலி டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டார். பழைய ஃபைல் பீரோவுக்குள் போய்விட்டது.

அந்த டாக்டர் சொன்னது ஹைப்போதைராய்டு. சித்தி காதில் விழுந்தது ஹைப்பர்தைராய்டு. ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். என்ற வரியில் 18 என்று இருந்தது, பக்கத்தில் 'ஹெச்' என்ற எழுத்து. ஹெச் என்றால் ஹை, ஹை என்றால் ஹைப்பர். காதில் விழுந்ததைக் கண்ணும் ஆமோதித்துவிட்டது. எட்டு வருடம் அவர் யாரிடம் சொன்னாலும் "எனக்கு ஹைப்பர் தைராய்டு" என்றே சொல்லி வந்திருக்கிறார். அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. மாத்திரை சரியான மாத்திரையாக இருந்தது.

போன ஆடி மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் நர்ஸ் படிவம் நிரப்பினார். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, வேறு ஏதாவது உண்டா? தைராய்டு இருக்கு என்றார் சித்தி. ஹைப்போவா ஹைப்பரா என்று நர்ஸ் கேட்டது நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. சித்தி எட்டு வருடப் பழக்கத்தில் ஹைப்பர் என்றார். 'கே.சி.ஓ. ஹைப்பர்தைராய்டு' என்று எழுதப்பட்டது. கே.சி.ஓ. என்றால் இந்த நோய் ஏற்கெனவே உறுதியானவர் என்று பொருள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அட்டையிலும் அதே வரி அச்சாகி வந்தது. அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த பிழைக்கு அன்றைக்கு முத்திரை விழுந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மேடவாக்கத்தில் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். தம்பி என்றால் சித்தியின் மகன். ஆவணியில் இரவில் படபடப்பு வர ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் அட்டையைப் பார்த்தார், மாத்திரை டப்பாவைப் பார்த்தார். தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஹைப்பர் இருக்கறவங்களுக்கு யார் இந்த மாத்திரையைக் கொடுத்தது? படபடப்பு இதனாலதான். இன்னையிலேர்ந்து நிறுத்துங்க. பத்து நாள் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

ஹைப்பர் என்பது உண்மையாக இருந்திருந்தால் இதைவிடச் சரியான அறிவுரை கிடையாது. தைராய்டு ஏற்கெனவே அதிகம் சுரக்கிறவருக்கு மேலும் அதே ஹார்மோனைக் கொடுத்தால் இதயம் தாங்காது.

பத்து நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 9.8 என்று வந்தது. பக்கத்தில் அதே ஹெச். தம்பி கிளினிக்குக்குப் போன் போட்டான். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "தைராய்டு ஹைன்னு வந்திருக்கு" என்றான். அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து, "மாத்திரை வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எண்ணை அவரும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. இதற்கு நடுவில் படபடப்பு வேறு குறைந்துவிட்டது. சித்திக்கும் தம்பிக்கும் முழு நம்பிக்கை வந்தது அதனால்தான். மாத்திரை நின்றதும் இதயம் மெதுவாக ஓட ஆரம்பித்திருக்கிறது. அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் சித்தி பெரம்பூருக்குத் திரும்பிவிட்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. யாரும் திரும்பப் போகவில்லை.

இரண்டு சொல்லும் ஏன் ஒன்றாகக் கேட்கின்றன

எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. வாயில் அப்படி இல்லை. இங்கிலாந்து உச்சரிப்பில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் ரகரத்தைச் சொல்ல மாட்டார்கள். ஹைப்பர்தைராய்டு என்பது அவர்கள் வாயில் 'ஹைப்பதைராய்டு' என்றுதான் வரும். ஹைப்போதைராய்டு என்பதில் அந்த 'ப' கொஞ்சம் ஓகாரம் பக்கம் சாயும், அவ்வளவுதான். அதோடு அழுத்தம் விழுவது 'தை' என்ற இடத்தில். இரண்டு நோய்களையும் பிரிக்கிற ஒரே அசை, சொல்லிலேயே மிகவும் மெலிந்த அசை. வேகமாகப் பேசும்போது முதலில் விழுங்கப்படுவதும் அதுதான்.

நாம் அப்படிப் பேசுவதில்லை, ரகரத்தை அழுத்திச் சொல்கிறோம் என்று நினைக்கலாம். 'ஹைப்பர்' என்று தனியாகச் சொன்னால் அழுத்துகிறோம். 'தைராய்டு' சேர்ந்து வரும்போது ரகரமும் தகரமும் முட்டிக்கொள்கின்றன, நாக்கு ரகரத்தைக் கைவிடுகிறது. நீங்களே நாலு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஏ.சி. இரைச்சலில், போனில் என்றால் கேட்கவே வேண்டாம்.

டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. தெளிவில்லாத ஒலி வந்தால் காது சும்மா இருக்காது, தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். ஹைப்பர் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஹைப்பர் மார்க்கெட் இருக்கிறது, ஹைப்பர் டென்ஷன் இருக்கிறது, "பையன் ரொம்ப ஹைப்பர்" என்று ஸ்கூலிலேயே சொல்கிறார்கள். ஹைப்போ எத்தனை பேருக்குத் தெரியும்? 2020-ல் தெருவில் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி தெளித்தபோது அந்தப் பெயர் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும். அது வேறு விஷயம். ஆகவே பிழை இரண்டு பக்கமும் சமமாக நடக்காது என்பது என் கணிப்பு. ஹைப்போ என்று சொன்னதை ஹைப்பர் என்று கேட்பதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும். நடைமுறையில் இருக்கும் நோயோ பெரும்பாலும் ஹைப்போதான். சென்னை உட்பட எட்டு நகரங்களில் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு இருந்தது. பத்தில் ஒருவருக்கு உள்ள நோயின் பெயரை நம் காது அதன் எதிர்ப்பெயராக மாற்றிக் கேட்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பி.பி. என்றால் நாம் பேச்சில் ஹைப்பர், ஹைப்போ என்றெல்லாம் பெரும்பாலும் சொல்வதில்லை. "பி.பி. ஏறிடுச்சு", "லோ பி.பி." என்கிறோம். ஷுகரும் அப்படித்தான், ஏறும் அல்லது இறங்கும். கேட்பவருக்குத் திசை தெரிந்துவிடும். தைராய்டுக்கு மட்டும் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று நிறுத்திவிடுகிறோம். தைராய்டு எல்லோருக்கும் கழுத்தில் இருக்கிற சுரப்பி. அது கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாகவா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அந்தத் திசையைச் சொல்லும் பொறுப்பு முழுக்க இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலையில் விழுகிறது. அவையோ ஒன்று போலவே ஒலிக்கின்றன.

அந்த 'ஹெச்' எழுத்து

காதின் பிழையை ரிப்போர்ட் திருத்தியிருக்க வேண்டும். அது பிழையை உறுதி செய்தது. இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் சித்தியையோ தம்பியையோ குறை சொல்ல முடியாது.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளே அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "சுரந்து கொடு" என்று அனுப்பும் கட்டளை. தம்பிக்கு நான் தண்ணீர் லாரியை வைத்து விளக்கினேன். தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவிலிருந்து லாரி ஆபீசுக்கு யாரும் போன் செய்வதில்லை. தண்ணீர் வராத தெருவிலிருந்துதான் போன் மேல் போன் போகும். டி.எஸ்.ஹெச். அந்தப் போன்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை ஏறினால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தால் சுரப்பு குறைவு, அதாவது ஹைப்போ. டி.எஸ்.ஹெச். மிகவும் இறங்கியிருந்தால் சுரப்பு மிகுதி, அதாவது ஹைப்பர். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறினாலும் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு என்பார்கள்.

"அப்ப 9.8-ங்கறது அம்மாவுக்கு மருந்து பத்தலைன்னு சொல்லியிருக்கா அக்கா?" என்று தம்பி கேட்டான். ஆமாம் என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. அவனுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. எந்தத் தகப்பனும் மகனும் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்ததில்லை. எண் ஏறியிருக்கிறது, பக்கத்தில் ஹை என்று போட்டிருக்கிறது, நோயின் பெயரோ குறைவு. இதைத் தானாகவே ஊகித்திருக்க வேண்டும் என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

மாத்திரையை நிறுத்தியவுடன் கெடுதல் தெரிந்திருந்தால் பத்து நாளில் பிடித்திருப்போம். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, இரண்டாவது வாரமும் பெரிதாகத் தெரியாது. பிறகு நாளுக்கு நாள் கடுகளவு மந்தமாகிக்கொண்டே போகும். கூடவே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அதோடு மழைக்காலம் வேறு. ஊரே குளிர்கிறது என்று சொல்லும்போது சித்தி மட்டும் அதிகமாகக் குளிர்கிறது என்று சொன்னதை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

சொல்லும் மாத்திரையும் முரண்பட்டபோது

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் மேடவாக்கம் கிளினிக்கில் கழிந்த அந்த இரண்டு நிமிடம்தான். மேசையில் ஒரு பக்கம் ஹைப்பர் என்ற சொல், இன்னொரு பக்கம் ஹைப்போவுக்கான மாத்திரை. இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. முரண்பாட்டை அந்த டாக்டர் கவனித்தார் என்பதே பெரிய விஷயம், பலர் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஆனால் அவர் சொல்லை நம்பினார், மாத்திரையைச் சந்தேகப்பட்டார்.

நாங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்தது இதற்கு நேர் மாறானது. 'ஹைப்ப' என்று ஏதோ கேட்கிறது, முடிவு தெளிவில்லை. உடனே அந்தப் பதிவு முழுவதையும் ஓட்டிப் பார்ப்போம். பின்னால் லெவோதைராக்சின் என்று வந்தால் அது ஹைப்போ. சுரப்பைக் குறைக்கும் மருந்தான மெத்திமசோல் என்று வந்தால் ஹைப்பர். நம் ஊரில் அதற்குப் பதில் பெரும்பாலும் கார்பிமசோல் கொடுப்பார்கள். டி.எஸ்.ஹெச். எண் வந்தால் அதையும் பொருத்திப் பார்ப்போம். ஒன்றும் பொருந்தவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எந்த நொடியில் வருகிறது என்று குறித்து, கேள்வியோடு மேலே அனுப்ப வேண்டும். ஊகித்து நிரப்பியவர்களுக்கு அந்த அலுவலகத்தில் நல்ல திட்டு கிடைக்கும். டாக்டர் ஹைப்பர் என்று தெளிவாகவே சொல்லி, மருந்து லெவோதைராக்சின் என்று வந்தாலும் நாங்கள் கேள்வி எழுப்புவோம். ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல அரை நொடி போதும். ஒரு மருந்தை எட்டு வருடம் தவறாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாக நடமாடுவது அவ்வளவு எளிதல்ல.

டாக்டர்களும் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் இல்லை. கையையோ காலையோ உடம்பிலிருந்து விலக்குவதற்கு அப்டக்‌ஷன் என்று பெயர், உடம்பை நோக்கிச் சேர்ப்பதற்கு அட்டக்‌ஷன். இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அதனால் நிறைய டாக்டர்கள் பேசிப் பதியும்போது 'ஏ பி டக்‌ஷன்', 'ஏ டி டக்‌ஷன்' என்று முதல் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வார்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த விசித்திரம்தான் காப்பாற்றும். ஹைப்போ ஹைப்பருக்கு அப்படி ஒரு வழக்கம் நம் கிளினிக்குகளில் நான் கேட்டதில்லை.

உபரியும் உபவும்

சித்தி வீட்டில் அன்று டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் பற்றிச் செய்தி. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி. அதை நெருங்கும்போது உபரிநீர் திறப்பார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த எவரும் இந்தச் சொல்லைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கிரேக்கத்தில் ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி. ஹைப்போ என்றால் கீழே, அடியில். தோலுக்கு அடியில் போடும் ஊசியை ஹைப்போடெர்மிக் என்பது அதனால்தான். இந்தக் கிரேக்கச் சொற்களுக்கு சமஸ்கிருதத்தில் உடன்பிறப்புகள் உண்டு. ஹைப்பருக்கு உபரி, ஹைப்போவுக்கு உப. ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இரண்டும் தமிழுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உபரி என்றால் மிச்சமாக வழிவது என்று எல்லோருக்கும் தெரியும். உபநதி என்றால் பெரிய ஆற்றுக்குக் கீழ்ப்பட்ட ஆறு, உபதொழில் என்றால் பிரதான தொழிலுக்குக் கீழே வருவது. உபரியில் ரகரம் இருக்கிறது, ஹைப்பரிலும் இருக்கிறது. உபவில் இல்லை, ஹைப்போவிலும் இல்லை.

தம்பிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஹைப்பர் என்றால் ஏரி நிரம்பி உபரி வழிகிறது என்று வைத்துக்கொண்டான். இனி அவன் மறக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

இருந்தாலும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது என்பதற்காகப் பிரச்சினை தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. அர்த்தம் தெரிந்த நர்ஸுக்கும் காதில் தவறாக விழலாம், அர்த்தம் தெரிந்த டாக்டரும் அவசரத்தில் ரகரத்தை விழுங்கலாம். என் முடிவு இதுதான்: நோயாளியும் வீட்டாரும் வாயால் சொல்லும்போது இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தொடவே கூடாது. தமிழில் குறைவு, மிகுதி என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. இன்னும் எளிதாகக் கம்மி, ஜாஸ்தி என்று சொல்லலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு சொன்னாலும், சிக்னல் விட்டு விட்டு வந்தாலும், கம்மியை ஜாஸ்தி என்று எவரும் கேட்க மாட்டார்கள். டாக்டர்கள் எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். எழுத்தில் அந்தச் சொற்களுக்கு வித்தியாசம் நன்றாகவே இருக்கிறது.

டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஹைப்போவா ஹைப்பரா என்று நோயாளியைக் கேட்பதை விட்டுவிட்டு, என்ன மாத்திரை போடுகிறீர்கள், டப்பாவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வரும் பதில் ஒருவர் காதில் எப்போதோ விழுந்த ஒலி. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் அச்சடித்த பெயர்.

பிறகு

அந்த ஞாயிறு மதியமே பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்தோம். முதல் பக்கத்திலேயே அந்தப் பழைய டாக்டர் அழகான கையெழுத்தில் 'ஹைப்போதைராய்டிசம்' என்று எழுதியிருந்தார். எட்டு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.ஹெச். 64.

பார்த்த டாக்டர் உடனே பழைய அளவைத் தூக்கிக் கொடுக்கவில்லை. வயது 61, நாலு மாதம் மருந்தே இல்லை, முன்பு படபடப்பு வேறு இருந்திருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார். அந்தப் படபடப்பின் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.9, நல்ல ரத்தசோகை. ஆவணியில் அந்த ஒரு பரிசோதனையும் சேர்த்து எடுத்திருந்தால் தைராய்டு மாத்திரை மேல் பழி விழுந்திருக்காது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சொன்னார். சேர்த்துப் போட்டால் இரும்பு தைராக்சினை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் அதே கணக்கு. காபிகூட மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். சித்திக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அந்தக் காபிதான்.

முன்னேற்றம் நிதானமாக வந்தது. அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.ஹெச். பார்க்க முடியும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. மாசியில் 22, சித்திரையில் 7, ஆனியில் 3.1. முதலில் திரும்பி வந்தது குரல். பங்குனியில் ஒரு நாள் போன் செய்து, என் பிள்ளைக்கு ஏன் இன்னும் முடி வெட்டவில்லை என்று ஒரு அதட்டல் போட்டார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேடவாக்கம் டாக்டரிடமும் தம்பி போய் எல்லாவற்றையும் சொன்னான். சண்டை போடப் போகவில்லை, ரிப்போர்ட்டுகளைக் காட்டத்தான் போனான். அவர் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "அந்த 9.8-ஐ என் கண்ணால பார்த்திருந்தா அன்னைக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சிருப்பேன்" என்றாராம். இப்போது அந்தக் கிளினிக்கில் போனில் ரிப்போர்ட் சொன்னால் ஹை, லோ என்பதை ஏற்பதில்லை. எண்ணைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்கிறார்கள், அல்லது படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

கண் மருத்துவமனைக்கும் பழைய ஃபைலின் நகலைக் கொடுத்து, பதிவில் இருந்த அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்டோம். இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. அச்சான ஒரு சொல்லைத் திருப்பி எடுப்பது அவ்வளவு லேசில்லை. கடைசியில் திருத்திக் கொடுத்தார்கள்.

இந்த ஆவணியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். படிவத்தோடு வந்தவர் வேறொரு நர்ஸ், சின்னப் பெண். சர்க்கரை, பி.பி. எல்லாம் கேட்டுவிட்டுத் தைராய்டுக்கு வந்தார்.

"ஹைப்போவா, ஹைப்பரா அம்மா?"

சித்தி கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கம்மி கண்ணு. சுரக்கறது கம்மி. இந்த மாத்திரைதான் போடறேன், பேரைப் பார்த்து எழுதிக்கோ. எழுதிட்டு என்ன எழுதினேன்னு எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு."

அந்தப் பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். சித்தி தலையசைத்துவிட்டு டப்பாவைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.